ஜீவமணி நெஞ்சில் ஒரு குடித்தனம்

எழுபதுகளில் தூத்துக்குடி பீச் ரோட்டிலிருந்த ஒரு கப்பல் ஏஜென்சிக்கு நீங்கள் போன் செய்திருந்தால், முதலில் உங்கள் காதில் விழுந்திருப்பது கம்பெனியின் பெயர் அல்ல, ஒரு இருமல். லேசுப்பட்ட இருமல் இல்லை. அடிவயிற்றில் புறப்பட்டு, நெஞ்சில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறி, அதற்கப்புறம் வெளியே வருகிற இருமல். கம்பெனி பெயர், குட் மார்னிங், யார் வேண்டும் என்கிற விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த இருமலுக்குச் சொந்தக்காரி ஜீவமணி, என் வீட்டுக்காரர் ஜெயசிங்கின் தங்கை. நான் கிரேசி, அவளுக்கு மதினி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வரத்தான் செய்யும். முழுக்கக் கேட்டால் உங்களுக்கும் வரும்.

ஜீவமணி ஒல்லி. சாப்பிடாமல் ஒல்லியானவள் இல்லை. எனக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்த்து வடிக்கிற சோற்றை அவள் ஒருத்தியே தின்பாள். தின்றது எங்கே போகிறதென்றுதான் தெரியாது. கல்யாணமாகி நான் முத்தையாபுரத்து வீட்டுக்குள் நுழைந்த அன்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன். ஆண்டவரே, கருவாட்டுக்குக் கொடுத்த மாதிரி இருந்தது.

“ஏளா, என்ன உன் கன்னம் இந்தக் கரி கரிக்கு?” என்றேன்.

“உப்பளத்துக்குப் பக்கத்துல வாழ்க்கைப்பட்டுட்டு இனிக்கணும்னா எப்படி மதினி?” என்றாள்.

அதுவும் நியாயம்தானே. எங்கள் ஊரில் காயப்போட்ட துணி கரிக்கும், ஜன்னல் கம்பி கரிக்கும், உதட்டை நக்கினால் உதடு கரிக்கும். தெருவில் போகிற ஆடு, அவள் நீட்டுகிற அகத்திக்கீரையை விட்டுவிட்டு அவள் கையைத்தான் நக்கும். நாங்கள் அதை வேடிக்கை பார்த்துச் சிரித்தோம். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

என் மாமியார் அற்புதமணிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி, கடல் காற்று. ஜீவமணிக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் நெஞ்சுச் சளியில் போயிருந்தார்கள். காற்றுதான் கொண்டுபோனது என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். இந்தப் பிள்ளையும் பிறந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருக்கவே, இவளைக் காற்றுக்குக் கொடுப்பதில்லை என்று வைராக்கியம். என் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். வீட்டு முன்பக்கம் கடை, பின்பக்கம் கருப்பட்டி அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. அடுப்படிச் சுவர் ஒரு பக்கம் சூடு கொடுக்கும். ஓலைப்பெட்டிகள் மேலே மேலே அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் கருப்பட்டிக்கு வியர்க்கும். வியர்த்தால் பூசணம் பிடிக்கும். துணியால் துடைத்துத் திரும்ப அடுக்குவார்கள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று, வயசுக்கு வந்த நாளிலிருந்து ஜீவமணிக்கு அங்கேதான் கட்டில்.

“எம்புள்ள படுக்க இடத்துல ஒரு நூல் காத்து நுழையாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை பெருமை பேசுவார்.

நான் வந்த புதிதில், அந்த அறையில் எனக்கே மூச்சு முட்டுகிறது என்று சொன்னேன். “டீச்சருக்கு எல்லாம் தெரியும்” என்றார் அத்தை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கடலைப் பார்த்த ஆபீசில், எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிற இடத்தில், நாள் பூராவும் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இருமல் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மூச்சு வாங்கும். திங்கள்கிழமை காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடு.

“ஆபீசுன்னா சீவி முடிச்சு ஓடுதா. கோயிலுக்குக் கூப்பிட்டா நெஞ்ச பிடிக்கா. சாத்தான் எங்கன இருக்கான்னு பாத்துக்க” என்பார் அத்தை.

அப்புறம் இன்னொன்று. ஒரு மழைக்காலத்தில் அவள் இருமித் துப்பும்போது பழுப்பாகச் சின்னச் சின்னக் கட்டி வர ஆரம்பித்தது. வேறு வீட்டில் பதறியிருப்பார்கள். கருப்பட்டி வியாபாரி வீட்டில் என்ன நினைப்பார்கள்? பிள்ளை ராத்திரி பெட்டியைத் திறந்து கருப்பட்டியைத் திருடித் தின்கிறாள் என்றுதான். என் வீட்டுக்காரர் பெட்டிகளுக்கெல்லாம் கயிறு கட்டினார். “நான் தின்னல அண்ணே, வேதத்து மேல சத்தியமா தின்னல” என்று அவள் சொல்லச் சொல்ல, இவர் முடிச்சை இறுக்கினார். கட்டிய பிறகும் கட்டி வந்தது. “எலி மாதிரி கடிச்சிருக்கா, எந்தப் பெட்டின்னுதான் தெரியல” என்று என்னிடம் ரகசியம் சொன்னார். படித்த மனுசன்!

எழுபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழையில், ஜீவமணி டெலிபோன் போர்டிலேயே இருமி மயங்கி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் நிழல். நிழல் என்றாலே அந்தக் காலத்தில் டிபி. சளியில் டிபி கிருமி இல்லையென்று ரிப்போர்ட் வந்தது. திரும்ப எடுத்தார்கள், அப்போதும் இல்லை. ஆனாலும் ஊசி போட்டார்கள். ஆபீசில் அவள் தண்ணீர் குடிக்கிற தம்ளர் தனியாக ஒதுங்கியது. கேஷியர் மேஜை சுவரோரம் நகர்ந்தது. மேனேஜர் மச்சாது நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை ஜீவமணி வீட்டில் நடித்துக் காட்டினாள்.

“ஜீவமணி, நீ நல்ல பிள்ள. ஆனா எல்லாரும் பயப்படுதாங்க. டிபி இல்லன்னு பெரிய டாக்டர் பேப்பர் ஒண்ணு கொண்டா. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா இப்ப உன் சீட்டுல வச்சிருக்க ஞானபாய பெர்மனென்ட் ஆக்கிருவேன்.”

நடித்து முடித்துச் சிரித்தவள், சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

“எதுக்குளா அழுத? இந்த ஆபீஸ் இல்லன்னா இன்னொண்ணு” என்றேன்.

“இல்ல மதினி. வீட்டுல நான் சீக்காளி. கோயில்ல சீக்காளி. தெருவுல போனா, அன்னா சீக்காளி போறான்னு சொல்லுதாவ. அந்த போர்டுக்கு முன்னால உக்காந்தாதான் நான் ஆபரேட்டர். கொழும்பும் மெட்ராசும் எனக்காவக் காத்துக் கிடக்கும். அந்த சீட்ட மட்டும் விடமாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள், எல்லார் மேலும்தான். அரைப்பரீட்சைக்கு முன்னால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வடக்கே இருந்த பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அத்தையும் வந்தார். வழிநெடுக ரயில் ஜன்னலை அத்தை மூட, நான் திறக்க, டிக்கெட் பரிசோதகர் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

அங்கே டாக்டர் அன்னம்மா குருவிளா என்று ஒரு மலையாளத்து அம்மாள். வெளிநாட்டில் படித்தவர். ஜீவமணியின் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். விரல் நுனிகளைப் பார்த்தார். அவை கொஞ்சம் உருண்டு இருந்தன. சட்டென்று அவள் கையைப் பிடித்து, புறங்கையை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். அத்தை நடுங்கிப்போனார்.

“என்னம்மா இது, ஆடு மாதிரி நக்குதீய?”

“வியர்வை டெஸ்ட் எடுக்கணும்” என்றார் டாக்டர்.

கையில் மருந்து தடவி, லேசாகக் கரண்ட் கொடுத்து வியர்க்க வைத்து, வியர்வையில் எவ்வளவு உப்பு என்று பார்க்கிற டெஸ்ட். லேப்காரர் கணக்கைப் பார்த்தார், சீட்டிலிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார், சிரித்தார். “தூத்துக்குடியா? அதான். உடம்பெல்லாம் உப்பு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு நாளைக்கு வாங்க.” மறுநாள் குளித்துவிட்டுப் போனாள். அதே உப்பு. “நல்லாத் தேய்க்கலைபோல” என்றார் அந்த மனிதர். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

“நானும் அதே ஊரு, அதே வீடு. நான் இன்னைக்குக் குளிக்கவே இல்ல. எனக்கும் எடுங்க.”

எடுத்தார். என் உப்பு எல்லாருக்கும் இருக்கிற உப்பு. ஜீவமணியின் உப்பு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தார்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “மோளுக்கு டிபி இல்லா. இது பிறவிக் குறை. அம்மை, அப்பன் ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒளிஞ்சிருந்து வரும். உப்பெல்லாம் வியர்வையில போயிடும். உள்ள சளி கட்டியாகும், பாகு மாதிரி. சாப்பாடும் சரியா செரிக்காது, அதான் இந்த மெலிவு. அந்தச் சளியில இப்ப பூசணம் வந்து தங்கியிருக்கு.”

“பூசணம்னா? ஊறுகாய்ல பிடிக்குமே, அதுவா?” என்றாள் ஜீவமணி.

“அதுக்குச் சொந்தக்காரன். எல்லா இடத்துக் காத்துலயும் உண்டு. நம்ம நெஞ்சுக்குள்ள போனா, நெஞ்சு வெளிய தள்ளிடும். மோள் நெஞ்சுக்குத் தள்ளத் தெரியாது. பழுப்பா கட்டி வந்ததா?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். பெட்டிக்குக் கயிறு கட்டிய கதையை நான்தான் சொன்னேன். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு, “அதென்ன கருப்பட்டி அறை?” என்று கேட்டார். அத்தை அறையின் அருமை பெருமையெல்லாம் சொன்னார்: ஜன்னல் இல்லாதது, கதகதப்பு, மழையில் பூசணம் துடைப்பது, நூல் காற்று நுழையாதது. சொல்லச் சொல்ல டாக்டரின் சிரிப்பு போய்விட்டது.

“அம்மே, அந்த அறையில பூசணம் கோடி கோடியா மிதக்கும். விருந்து வச்சுக் கூப்பிட்டிருக்கீங்க. இவளுக்கு வேண்டியது காத்து. கடல் காத்தானாலும் நல்லது.”

டாக்டர் மெதுவாக, “முன்னால வேற பிள்ளைகள் போயிருக்கா?” என்று கேட்டார். அத்தை இரண்டு விரலைக் காட்டினார்.

“முத்தம் கொடுத்தா உப்புக் கரிச்சதா?”

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். “கரிச்சுது” என்றார். இருபத்தைந்து வருஷமாகக் காற்றோடு சண்டை போட்ட மனுஷி அவர். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

ஜீவமணிதான் பேச்சை மாற்றினாள். “அந்தக் குடித்தனத்தக் காலி பண்ண முடியுமா டாக்டர்?”

“முழுசா முடியாது. மாத்திரை தரேன், அடங்கி இருக்கும். ஆனா இது குணமாகிற நோய் இல்லா. நான் பொய் சொல்ல மாட்டேன் மோளே. புஸ்தகத்துல, இந்தப் பிள்ளைகள் பெரியவங்களாகிறதே கஷ்டம்னு எழுதியிருக்கு. உனக்கு லேசா இருக்கப்போய் இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

“எனக்கு இருபத்து நாலு முடிஞ்சிட்டே. எழுதினவருக்கு ஒரு தந்தி அடிப்பமா?”

டாக்டர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். பிறகு வைத்தியத்தைச் சொன்னார். மாத்திரை, ஆவி, அப்புறம் சோற்றில் கூடுதலாக உப்பு. தூத்துக்குடிக்காரியை உப்புத் தின்னச் சொல்லி வெளியூரில் சீட்டு எழுதிக் கொடுத்தது உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். கடைசியாக, தலையைத் தாழ்வாக வைத்துக் குப்புறப் படுக்கப்போட்டு, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டித் தட்டிச் சளியைக் கிளப்ப வேண்டும். நர்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தட்டினால் ஜீவமணி, “கரும்பலகையா மதினி, இந்தப் போடு போடுதிய?” என்று கத்தினாள். அத்தை என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சிரட்டையிலிருந்து கருப்பட்டியை உடையாமல் தட்டி எடுத்த கை அது, அளவாக விழுந்தது. சளி தன் பாட்டுக்கு வந்தது.

ஊருக்கு வந்ததும் கருப்பட்டி முழுவதும் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் வாடகைக்குப் பிடித்த கிட்டங்கிக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் தானே உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூக்கை அடிக்கடி துடைத்துக்கொண்டார். கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினோம். ஜன்னலை யார் திறப்பது? அத்தை கொக்கியில் கை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். “நீயே திற கிரேசி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் ஜீவமணிக்கு மாடிப்படி ஏறுகிற அளவுக்கு மூச்சு வந்தது. டாக்டர் பேப்பரும் கையில் இருந்தது: டிபி இல்லை, யாருக்கும் தொற்றாது, உட்கார்ந்த வேலை பார்க்கலாம். கொண்டுபோய் நீட்டினேன். மச்சாது படித்துவிட்டு, “குணமாயிட்டுன்னு எழுதலியே டீச்சர்?” என்றார்.

“குணமாகாது. தொத்தாது. ரெண்டும் வேற வேற.”

“பூசணம்னு போட்டிருக்கே. ஆபீஸ்ல ஃபைலெல்லாம் இருக்கு...”

“உங்க ஃபைல்ல இருக்க பூசணத்துக்கு இவ பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

வீட்டிலோ அத்தை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார். “பேப்பரும் வேண்டாம், வேலையும் வேண்டாம். இருக்க நாளு எங்கண்ணு முன்னால இருக்கட்டும்.” அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஜீவமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸுக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டினோம். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் ஆபீசில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஞானபாய்க்குத் தேன் மாதிரிக் குரல். “குட் மார்னிங்” என்று அவள் பாடுவாள். பாடினதும் எதிர்ப்பக்கம், “ராங் நம்பர்” என்று வைத்துவிடும். தோணிக்காரர்கள், உப்பு வியாபாரிகள், கஸ்டம்ஸ் ஆட்கள், ஒருத்தருக்கும் கம்பெனி பெயர் காதில் ஏறினதே கிடையாது. இருமல் கேட்டால் கம்பெனி, கேட்காவிட்டால் வேறு எங்கேயோ மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். அரை நாள் காத்திருந்து கிடைத்த கொழும்பு டிரங்க் காலை அந்தப் பக்கத்து முதலாளி ஒரே நொடியில் துண்டித்துவிட்டாராம். மறுநாளும் அதே கதை. ஞானபாய் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, “சார், நானும் இருமிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்காவ” என்று அழுதிருக்கிறாள்.

வருஷக் கடைசியில் மச்சாது எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் கேக் பொட்டலம்.

“என்ன மேனேஜர் சார், பூசண வீட்டுக்குத் தைரியமா வந்திருக்கிய?” என்றேன்.

“டீச்சர், திட்டணும்னா உள்ள வச்சுத் திட்டுங்க. தெரு பாக்கு” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, ஜீவமணியைப் பார்த்து, “உனக்குன்னு தனி ஹெட்செட் வாங்கியாச்சு. நீ பயமுறுத்துதன்னு இல்லம்மா, உனக்கு வேற ஆளுக சளி ஒட்டக் கூடாதுன்னு. நாளைக்கே வா” என்றார்.

ஜீவமணி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

“போவ வேண்டாம்” என்றார் அத்தை.

“எம்மா, வீட்டுல வச்சு என்னப் பாத்துக்கிட்டே இருந்தா நாளு கூடுமா? அந்தப் புஸ்தகத்துல எனக்கு எழுதின பக்கமெல்லாம் முடிஞ்சிட்டு. இனி வர்றது எல்லாம் எனக்கு இனாம். அத உக்காந்து இருமித் தீக்கவா, நாலு பேருக்கு லைன் போட்டுக் குடுக்கவா?”

அத்தை மச்சாதுவிடம் திரும்பினார். “அந்த ஆபீஸ்ல ஜன்னல் உண்டா?”

“ஏழு ஜன்னல் உண்டும்மா, எல்லாம் கடலப் பாத்து. அடச்சிரணுமா?”

“தொறந்தே கெடக்கட்டும்” என்றார் அத்தை.

மறுநாள் காலையில் முதுகில் தட்டுவது நானா அத்தையா என்று சண்டை நடந்து, அத்தையே தட்டிவிட, பவுடர் பூசிக்கொண்டு ஜீவமணி பஸ் ஏறினாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அத்தை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். கடையில் உட்கார்ந்தார், எழுந்தார். பிறகு, பிறந்ததிலிருந்து டெலிபோனைத் தொட்டே அறியாதவர், கல்லாப் பக்கத்திலிருந்த கறுப்பு டெலிபோனைக் காட்டி, “இத எப்படிப் பிடிக்கணும்?” என்றார். நான் நம்பரைச் சுற்றி அவர் காதில் வைத்து, என் காதையும் பக்கத்தில் ஒட்டினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது, எடுத்தாள், ஒரு இருமல் இருமினாள், கம்பெனி பெயரைச் சொன்னாள், “யார் வேணும் உங்களுக்கு?” என்றாள்.

அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஹலோ, யார் வேணும்? லைன்ல இருக்கியளா?”

“நீதாம்ளா வேணும்” என்றார் அத்தை.

ஜீவமணி, “இங்கனதாம்மா இருக்கேன்” என்றாள்.